காதைத் தொட்டவள்

தறிக்கூடத்தில் யாரும் யாரையும் வாயால் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் பயனில்லை. வரிசை வரிசையாக விசைத்தறிகள் தடதடக்கிற இடத்தில், பக்கத்தில் நிற்பவரின் காதுக்குள்ளேயே வாயை வைத்துக் கத்தினாலும் எச்சில் தெறிக்குமே தவிர சொல் போய்ச் சேராது. ஆகவே புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அங்கே இரண்டு பாடம். அறுந்த நூலை முடிச்சுப் போடுவது ஒன்று. கையால் பேசுவது இன்னொன்று.

நூல் அறுந்துவிட்டது என்றால் இரண்டு விரலைக் கத்தரிபோல வெட்டிக் காட்ட வேண்டும். தறியை ஓட்டு என்றால் கட்டைவிரலைக் கீழ்நோக்கி ஓர் அழுத்து. தறி நின்றுவிட்டது என்றால் உள்ளங்கையை விரித்துக் காட்டினால் போதும். இதெல்லாம் தொழிலுக்கு. தொழிலைவிட வம்புக்குத்தான் அந்தக் கைகள் அதிகம் உழைத்தன. எதிர்வரிசைக்காரன் கோபித்துக்கொண்டு போன மனைவியை அழைத்துவரப் போய், மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த கதை, தறிகளின் தலைக்கு மேலாகவே கை மாறிக் கை மாறி, டீ வருவதற்குள் கூடத்தின் மறுகோடியைத் தொட்டுவிடும். வழியில் ஒவ்வொருவரும் தம் பங்குக்குக் கண் காது மூக்கு வைத்து அனுப்பியிருப்பார்கள்.

பேரும் கையில்தான். மேஸ்திரிக்கு வயிற்றைச் சுற்றி ஒரு தடவல். மீசைக்காரருக்கு மேலுதட்டில் ஒரு முறுக்கு. அவர் பிற்பாடு மீசையை எடுத்த பிறகும் பேர் போகவில்லை. பெரிய கல் வைத்த மூக்குத்தி போட்டிருந்த பெண்ணுக்கு மூக்கோரம் ஒரு கிள்ளல். இதில் ஒரு வசதி என்னவென்றால், கைக்கு நீ, நீங்கள் என்ற பேதமெல்லாம் தெரியாது. வெளியே என்றால் மேஸ்திரியிடம் சார் போட்டு எட்டி நின்று பேச வேண்டியவர்கள், உள்ளே வந்ததும் வயிற்றைத் தடவிக் காட்டி, 'இங்கே வா' என்று விரலை மடக்கிக் கூப்பிடுவார்கள். அவரும் வருவார். வந்து, பதிலுக்கு இரண்டு வசவைக் கையாலேயே கொடுத்துவிட்டுப் போவார்.

தாடைக்காரருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இளவட்டமாக அந்தக் கூடத்துக்குள் நுழைந்த அன்று, சவரக்கத்தி பட்ட தாடையில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. தாடையில் இரண்டு விரல் வைத்தால் அவர் என்று அன்றே ஆகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. அதை அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பதால், அதைச் சொந்தப் பேர் என்று சொல்லலாமா என்பதே சந்தேகம். வீட்டில் அம்மாவும் கூடப்பிறந்தவர்களும் வா, போ, சாப்பிடு என்கிற அளவுக்குச் சைகை காட்டுவார்கள். அதற்கு மேல் அவரிடம் சொல்ல யாருக்கும் எதுவும் இருந்ததில்லை. காது கேளாதோர் பள்ளிக்கூடம் பக்கம் அவர் போனதும் கிடையாது. மனிதர்கள் ஒருவருக்கொருவர் இவ்வளவு பேசிக்கொள்கிறார்கள் என்பதே தறிக்கூடத்துக்குள் வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும்.

வந்த வேகத்தில் பிடித்துக்கொண்டார். தறிக்குத் தறி தாவி விழுகிற பேச்சில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று ஆயிற்று. மேஸ்திரி நடக்கிற நடையை இரண்டு விரலால் தறிமேல் நடந்து காட்டுவார். பார்த்தவர்கள் நூல் அறுந்ததைக்கூடக் கவனிக்காமல் சிரிப்பார்கள். எதிர்த்தறி மூக்குத்தியினுடையது. காலையிலிருந்து மாலைவரை அவர்கள் இரண்டு பேரும் பேசியதை எழுதினால் வண்டி கொள்ளாது. அவள் புருஷன் இறந்தது, மகளைக் கட்டிக்கொடுத்தது, மருமகனோடு ஒத்துப்போகாதது எல்லாம் அந்த இரண்டு தறிகளுக்கு இடையிலான நடைபாதையைத் தாண்டி அவரிடம் வந்து சேர்ந்தவைதான்.

இவ்வளவு விஷயங்களுக்கும் கைச்சைகை இருந்த அந்தப் பேச்சில், செவிடு என்பதற்கு மட்டும் கை கிடையாது. தேவைப்படவில்லை. உள்ளே வந்துவிட்டால் எல்லாரும் செவிடு.

பிறகு தறிகளை விற்றுவிட்டார்கள். வேறெங்கோ நெய்த துணி லாரியில் வந்து இறங்கியது. அதைச் சோதித்து மடித்து அனுப்புகிற வேலை மட்டும் மிஞ்சியது. பழைய ஆட்களில் பலர் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தாடைக்காரர், மூக்குத்தி, மீசைக்காரர் போல இன்னும் சிலரைச் செக்கிங் கூடத்தில் போட்டார்கள். கூட இளம்பெண்கள் நிறையப் பேர் புதிதாகச் சேர்ந்தார்கள்.

செக்கிங் கூடம் வெள்ளையடித்த, குளிர்ச்சியான, அமைதியான இடம். அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேசைகள். மேசைமேல் துணி மெல்ல நகர்ந்து வரும். கறை, ஓட்டை, நூல் விட்டுப்போன இடம், முடிச்சு என்று எது தென்பட்டாலும் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இரண்டு கையும் துணியிலேயே இருக்க வேண்டும். கண்ணைத் துணியிலிருந்து எடுக்கவே கூடாது. எடுத்தால் ஓட்டை ஓடிப்போய்விடும். சும்மா இருப்பவை வாயும் காதும் மட்டும்தான். எனவே எல்லாரும் தலையைக் குனிந்தபடி, கையைத் துணிமேல் ஓட்டியபடி, வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். தாடைக்காரர் எப்போது நிமிர்ந்தாலும் அவருக்குத் தெரிந்தவை வகிடு எடுத்த தலைகள்தான்.

ஆரம்பத்தில் அவர் விடவில்லை. துணி முடிந்து அடுத்த உருளை ஏறுகிற இடைவெளியில் மூக்குத்தியின் மேசை ஓரத்தைத் தட்டுவார். அவள் நிமிர்ந்து, ஒரு கையால் சுருக்கமாக ஏதோ சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொள்வாள். போகப் போக அந்தச் சுருக்கமும் குறைந்தது. தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு, தட்டினால் பக்கத்துப் பெண்கள் பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிமிராமலே இருந்தாள். மீசைக்காரரோ புதிய கூடத்தில் ஒரேயடியாக வாயாடி ஆகிவிட்டார். டீ வேளையில் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவரை ஒரு வார்த்தை பேசவிடாமல் பொழிந்து தள்ளினார். வயிறு என்று கூப்பிடப்பட்டவர் ஆபீசுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இப்போது அவர் சார். ஒரு நாள் பழக்கத்தில் தாடைக்காரர் அவரைப் பார்த்து வயிற்றைத் தடவிக் காட்ட, அவர் அவசரமாக அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பசியா என்பதுபோல் கேண்டீன் பக்கம் கையைக் காட்டினார்.

சாப்பாட்டு வேளைதான் கொடுமை. தகரக்கூரை போட்ட ஷெட்டில் நீள மேசைகள். புதுப் பெண்கள் நல்லவர்கள். அவரைக் கண்டால் அண்ணே என்று வாயசைத்து, தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு அவர்கள்பாட்டுக்குப் பேசுவார்கள். யாரோ எதையோ சொல்ல எல்லாரும் சிரிப்பார்கள். எல்லாருடைய வாயும் விரிவதைப் பார்த்த பிறகு இவரும் வாயை விரிப்பார். சின்ன வயதில் வீட்டுக்கு விருந்தாளிகள் வரும்போது பழகிய வித்தை அது. தறிக்கூடத்தில் இத்தனை வருஷம் அதற்கு வேலை இல்லாமல் இருந்தது. திரும்பவும் அதை எடுத்து மாட்டிக்கொள்ள நேர்ந்தபோது அவருக்கு அழுகை வந்தது. அதற்குப் பிறகு ஷெட்டின் கோடியில், கைகழுவும் குழாய்ப் பக்கம், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்.

தொழிலாளர் நலப்பிரிவுக்கு ஒரு புது மேடம் வந்தாள். சின்ன வயது. நல்ல மனசு. யாராவது தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவளுக்குச் சோறு இறங்காது. தாடைக்காரரை அப்படிப் பார்த்துவிட்டாள். ஒரு நாள் பிற்பகல் செக்கிங்கை நிறுத்தி, எல்லாரையும் கூட்டி உட்காரவைத்து, சுவரில் ஒரு திரையைக் கட்டினாள். திரையில் கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் முறையான சைகை மொழியைச் சொல்லிக்கொடுத்தார். வணக்கம், நன்றி, எப்படி இருக்கிறீர்கள். முதல் வரிசையில் நடுநாயகமாக உட்காரவைக்கப்பட்டிருந்த தாடைக்காரருக்கு அதில் ஒன்றுகூடப் புரியவில்லை. அது பள்ளிக்கூடத்து மொழி. அவர் தறிக்கூடத்து ஆள். மற்றவர்கள் வாய்விளக்கத்தைக் கேட்டு விறுவிறுவென்று கற்றுக்கொண்டு அவரைப் பார்த்து நன்றி, நன்றி என்று கைகாட்ட, அவர் ஆளுக்கொரு தலையாட்டல் கொடுத்துக்கொண்டிருந்தார். பார்த்துப் பார்த்துச் சமைத்ததை விருந்தாளி தொடாமலே எழுந்துவிட்டதுபோல மேடத்தின் முகம் சிறுத்துப்போனது.

கடைசியில் ஆளுக்கொரு சைகைப்பேர் வைக்கலாம் என்றாள். முதலில் அண்ணனுக்கு என்றாள். முன்வரிசைப் பெண் ஒருத்தி யோசித்துவிட்டு, ஆள்காட்டி விரலால் காதை இரண்டு தடவை தொட்டாள். மேடம் அதைச் செய்து பார்த்து, அவரைச் சுட்டிக்காட்டினாள். கூடம் முழுவதும் காதைத் தொட்டு அவரைக் கூப்பிட்டது. பிறகு கைதட்டியது. சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து அவர் சிரித்தார்.

எல்லாரும் கையை இறக்கிவிட்டார்கள். மூக்குத்தி மட்டும் இறக்கவில்லை. பின்வரிசையில் இருந்த அவள், எத்தனையோ நாள் கழித்து அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். காதைத் தொட்டாள். பிறகு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

செவிடா, போதும், நிறுத்து.

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் ஆபீசுக்குப் போய், பழைய மேஸ்திரியின் முன் நின்று, ஜன்னல் வழியே தெரிந்த துணிக் கோடவுனைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டார். கோடவுனில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் வேலை. மடித்த துணிக்கட்டுகளை அடுக்கி, சீட்டு ஒட்டி, லாரி வரும்போது கதவைத் திறந்துவிட வேண்டும். சம்பளம் அதேதான். யாரும் அங்கே தானாகப் போவதில்லை. மேஸ்திரியின் கை ஏதோ சொல்ல எழுந்து, பேனாவை எடுத்துக்கொண்டது. வாரம் முடியட்டும், அதற்குப் பிறகு போ என்று காலண்டரைக் காட்டினார்.

இந்தக் கதையில் இன்னொரு நஷ்டக்காரி தாடைக்காரரின் மனைவி. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். கட்டிக்கொண்டு வந்த புதிதில் அவரிடமிருந்து தறிக்கூடத்துப் பேச்சைக் கற்றுக்கொண்டு, அதிலேயே குடித்தனம் நடத்தினாள். குழம்பு நீர்த்துப்போனால் நூல் மெலிசு. விருந்தாளி கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்திருந்தால், தறியில் ஏற்றிய பாவு நூல் இன்னும் தீரவில்லை. சண்டை வந்தால் இரண்டு விரலால் ஒரு வெட்டு. அன்றைக்கு நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். வீட்டிலேயே உட்கார்ந்து துணி தைக்கிற அவளுக்கு வெளியுலகம் என்பது அவர் மாலையில் கொண்டுவருகிற கதைகள்தான். மகள் கல்யாணமாகி வெளியூர் போன பிறகு அது ஒன்றே மிச்சம். செக்கிங் கூடத்துக்குப் போன நாள் முதல் கதை நின்றுவிட்டது. அவர் வருவார், காலைக் கழுவுவார், தட்டின் முன் உட்காருவார். கைகள் மடியில் கிடக்கும். நல்ல கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும்.

கோடவுன் விஷயத்தை அன்று மாலை சொன்னார். அவள் தையல் மிஷினை நிறுத்தினாள். வாயால் பேசும்போது அவரை அவர், வந்தார் என்றுதான் பிறரிடம் குறிப்பிடுவாள். கைக்கு அந்த மரியாதை தெரியாததால், அவள் சொன்னதை நீ போட்டுத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. அதான் கேட்டேன்."

"துணிக்கட்டோட பேசப் போறியா?"

"துணி என்னைப் பாத்துச் சிரிக்காது."

அவள் எழுந்து அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். கோடவுனுக்குப் போனால் நீ அப்படியே வாடிப்போவாய், எனக்குத் தெரியும் என்றாள். இப்போதே வீட்டில் இரண்டு பேர் இருப்பதாகத் தெரியவில்லை என்றாள். நாளெல்லாம் மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நீ வருவாய் வருவாய் என்று காத்திருந்தால், வந்ததும் சுவரைப் பார்க்கிறாய், நான் யாரோடு பேசுவது என்றாள். அவர் மேடத்தின் கிளாசில் நடந்ததை, புதுப் பேர் வைத்ததை, கடைசியில் மூக்குத்தி செய்ததைச் செய்து காட்டினார். காது. உள்ளங்கை.

மனைவி அதைத் தானும் ஒரு முறை செய்து பார்த்தாள்.

"அந்த அக்காவா? அவங்க அப்படிச் சொல்ற ஆள் இல்லையே."

"என் கண்ணால பாத்தேன்."

"கண்ணால பாத்தே, சரி. கேட்டியா?"

அவர் இரண்டு விரலால் ஒரு வெட்டு வெட்டிவிட்டு எழுந்தார். அவள் மிஷினுக்குத் திரும்பினாள். அன்று அது சரியாக ஓடவில்லை.

செக்கிங் கூடத்தில் அவருடைய கடைசி நாள். காலையிலிருந்தே வானம் கறுத்துக் கிடந்தது. சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் ஷெட்டுக்குள் நுழைந்து டப்பாவைத் திறக்கவும் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை; தகரக்கூரையில் ஜல்லியைக் கொட்டுகிற மாதிரியான மழை. அவருக்கு அது பெஞ்சின் அதிர்வாகத் தொடையில் தெரிந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தார். வாய்கள் திறந்து மூடிக்கொண்டிருந்தன. புதுப் பெண்கள் ஒருவர் காதில் ஒருவர் கத்திப் பார்த்து, முடியாமல் கைவிட்டார்கள்.

அப்போது மீசைக்காரர் கையைத் தூக்கினார். தண்ணீர் பாட்டிலை இந்தப் பக்கம் தள்ளு என்று மூன்று மேசை தள்ளியிருந்த பழைய தறியாளிடம் கையாலேயே கேட்டார். அவன் தள்ளிவிட்டு, தண்ணீரா, உள்ளே போகிறதெல்லாம் போதாதா என்று மீசைக்காரரின் தொப்பையைக் காட்டினான். தள்ளி இருந்த இன்னொருத்தி தன் பங்குக்கு அதற்குக் கண்ணும் மூக்கும் வைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கைகள் எழுந்துவிட்டன. புதுப் பெண்கள் சோற்றுக் கையோடு வாய்பிளந்து பார்த்தார்கள். மூக்குத்தி பெஞ்சிலேயே திரும்பி உட்கார்ந்து, அவரைத் தேடிப் பிடித்து, தாடையில் இரண்டு விரலை வைத்தாள். தாடை, இந்த மழையைப் பாரேன், நம்ம கூடம் மாதிரியே இருக்கு என்றாள். அவர் பதிலுக்குக் கையைத் தூக்கவில்லை. வீம்பு. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. அவள் கைகள் எவ்வளவு லேசாகப் பேசின! கோடவுனுக்குப் போகும் முன் இதை ஒரு முறை பார்த்தாயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

மழை சட்டென்று நின்றது. தறியை நிறுத்தியதுபோல எல்லாக் கைகளும் இறங்கிவிட்டன. வாய்கள் மறுபடி தொடங்கின. அவர் டப்பாவை மூடினார்.

மூடிக்கொண்டே பார்த்தார். ஒரு பெண் ஏதோ சொல்ல மேசை முழுவதும் சிரித்தது. மூக்குத்தியும் சிரித்தாள். ஆனால் அவள் சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது. பக்கத்தில் ஒரு பார்வை, எதிரே ஒரு பார்வை, பிறகு வாய் விரிந்தது. அந்தச் சிரிப்பை அவருக்குத் தெரியும். அது அவருடைய சிரிப்பு.

அவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, கழுவக் கொண்டுபோன யாருடைய தட்டோ மூக்குத்தியின் முதுகுக்குப் பின்னால் சிமெண்ட் தரையில் விழுந்து உருண்டது. சத்தம் என்பது அவருக்கு மற்றவர்களின் கழுத்தில்தான் தெரியும். அத்தனை கழுத்தும் திரும்பின. மூக்குத்தியின் கழுத்து திரும்பவில்லை. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

குழாயடியில் அவளைப் பிடித்தார். மற்றவர்கள் கூடத்துக்குப் போய்விட்டிருந்தார்கள்.

"தட்டு விழுந்துச்சு" என்றார் கையால்.

"எந்தத் தட்டு?"

"உன் முதுகுக்குப் பின்னாடி. எல்லாரும் திரும்பினாங்க. நீ திரும்பல."

அவள் கழுவி முடித்த டப்பாவை மறுபடி கழுவினாள். பிறகு குழாயை மூடிவிட்டு, ஈரக் கையாலேயே சொன்னாள்.

"உன்கிட்டதான் சொன்னேனே."

"எப்ப சொன்னே?"

"கிளாஸ்ல." காதைத் தொட்டாள். உள்ளங்கையை விரித்தாள். "காது நின்னுபோச்சுன்னு சொன்னேன். அத்தனை பேருக்கு நடுவுல உன்கிட்ட மட்டும் சொன்னேன். நீ பாட்டுக்கு எழுந்து போயிட்ட."

தறி நின்றால் உள்ளங்கை. இத்தனை வருஷம் ஆயிரம் தடவை பார்த்த கை. அவருக்கு முகம் சுட்டது.

"அது என் பேருன்னு நினைச்சேன்."

"எது?"

அவர் காதை இரண்டு தடவை தொட்டுக் காட்டினார். "அந்தப் பொண்ணு வச்சாளே. மேடம் சொன்னாங்களே."

"மேடம் சொன்னது எனக்கு எங்க கேட்டுச்சு? எல்லாரும் காதைத் தொட்டாங்க, நானும் தொட்டேன். தொட்டதும் உன்கிட்ட சொல்லிடலாம்னு தோணுச்சு." அவள் அவரையே பார்த்தாள். பிறகு தன் தாடையில் இரண்டு விரலை வைத்தாள். "உன் பேரு இதுதானே."

அவர் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டார்.

ஒரு காது முழுக்கப் போய்விட்டது என்றாள். இன்னொன்றில் எந்நேரமும் தடதடவென்று ஓடுகிறதாம். "தறியெல்லாம் வித்துட்டாங்க. என் தலைக்குள்ள ஒண்ண மறந்து விட்டுட்டாங்க" என்றாள். மேடத்திடம் சொல்லக்கூடாதா என்று கேட்டார். சொன்னால் எனக்கும் ஒரு கிளாஸ் வைப்பாள் என்றாள். வருஷக் கடைசியில் டாக்டர் வந்து எல்லாரையும் பார்ப்பார்; தெரிந்துபோனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ, மருமகன் வீட்டு மூலையில் போய் உட்கார வேண்டியிருக்குமோ என்கிற பயத்தில் அவளுக்குச் சரியாகத் தூக்கமே இல்லை.

"அதுக்கு என்கிட்ட ஏன் பேசல?"

"உன்கூடக் கையில பேசினா, இவளுக்கும் கேக்கலையோன்னு பக்கத்துல நினைப்பாங்க."

"அதனால என்னை விட்டுட்டே."

"ஆமா" என்றாள். "விட்டுட்டேன்."

அவருக்குக் கோபம் வந்தது. வரத்தான் செய்யும். தட்டித் தட்டிப் பார்த்த மேசை ஓரமும், சுவரைப் பார்த்துச் சாப்பிட்ட சோறும் ஞாபகம் வந்தன. ஆனால் எதிரே நின்றவள் பக்கத்து முகத்தைப் பார்த்துப் பார்த்து வாயை விரிக்கிறவள். அந்த வேலை எவ்வளவு அலுப்பானது என்று அந்தத் தொழிற்சாலையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"நீ பிந்திச் சிரிக்கிறே" என்றார். "கொஞ்ச நாள்ல கண்டுபிடிச்சுடுவாங்க."

அன்று மாலை வீட்டில் கால் கழுவக்கூட இல்லை. வந்ததும் வராததுமாகக் கையைத் தூக்கிவிட்டார். மழையைச் சொன்னார், மீசைக்காரரின் தொப்பையைச் சொன்னார், தட்டைச் சொன்னார், குழாயடியைச் சொன்னார். மனைவி ஊசியைக் கையில் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அப்பவே சொல்லலையா, அந்த அக்கா அப்படிச் சொல்றவங்க இல்லேன்னு என்றாள். ஒரு தடவை சொல்லி ஆறாமல் திரும்பவும் சொன்னாள். பிறகு, "அப்ப கோடவுன்?" என்று கேட்டாள்.

அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அவள் மிஷினுக்குப் போகாமல், இரண்டு பேருக்கும் சேர்த்து முட்டை பொரிக்க எழுந்தாள்.

அடுத்த வாரம் வேலை தொடங்கிய நாள், கோடவுன் வேண்டாம் என்று மேஸ்திரியிடம் கைகாட்டிவிட்டு வந்திருந்த தாடைக்காரர், சாப்பாட்டு வேளையில் குழாய்ப் பக்கம் போகவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேராகப் பெண்கள் மேசைக்குப் போய், மூக்குத்திக்கு எதிரே உட்கார்ந்தார். புதுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நகர்ந்து இடம்விட்டார்கள். ஒருத்தி காதைத் தொட்டு வணக்கம் சொன்னாள். அவர் தலையை ஆட்டி, தன் தாடையில் இரண்டு விரலை வைத்துக் காட்டினார். அவள் புரியாமல் தானும் தாடையைத் தொட்டாள். சரி என்பதுபோல் அவர் சிரித்தார்.

பேச்சு தொடங்கியது. அவர் முகங்களைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து பார்த்து வருகிற முகங்கள். சிரிப்பு எங்கே வரும் என்பது வாய்க்கு முன்பே தெரிந்துவிடும். சொல்கிறவள் முன்னால் சாய்வாள். கேட்கிறவர்களின் கை சோற்றிலேயே நின்றுவிடும். சொல்கிறவளின் கீழுதடு, அடக்க முடியாமல், ஓரத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் அவர் மேசைமேல் கட்டைவிரலை ஓர் அழுத்து அழுத்தினார். தறியை ஓட்டு.

மூக்குத்தி சிரித்தாள். எல்லாரும் சிரித்தபோதே சிரித்தாள். பக்கத்துப் பெண் அவள் தோளில் தட்டிக்கொண்டு சிரித்தாள்.

இன்னொரு கதை. மறுபடி ஒருத்தி சாய்ந்தாள், கைகள் நின்றன, உதடு இழுத்தது. அவர் கட்டைவிரலை அழுத்தினார். மூக்குத்தி சிரித்தாள். கூடவே பின்மேசையிலும் ஒருவர் சிரித்தார். தாடைக்காரர் நிமிர்ந்தார். மீசைக்காரர். யாரையும் ஒரு வார்த்தை பேசவிடாத மீசைக்காரர், பேச்சை நிறுத்திவிட்டு, கழுத்தை எக்கி, தாடைக்காரரின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், தண்ணீர் பாட்டில் தள்ளிய தறியாளும் பார்த்துக்கொண்டிருந்தான்.

மீசைக்காரரின் கை மேசை ஓரமாக மெல்ல எழுந்தது.

"என்ன ஜோக்கு?"

மூக்குத்தியும் அதையே கேட்கிற முகத்தோடு அவரைப் பார்த்தாள்.

"எனக்கென்ன தெரியும்?" என்றார் தாடைக்காரர்.

மூக்குத்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மீசைக்காரர் மேசையில் அறைந்து சிரித்தார். தறியாளுக்குப் புரையேறியது. இந்தத் தடவை யாரும் கட்டைவிரலைப் பார்க்கவில்லை. புதுப் பெண்கள் இந்த முகத்தையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு, கொஞ்சம் பிந்தி, அவர்களும் சிரித்தார்கள்.